பள்ளியாட்சி: ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பதற்குத் தமிழ்

அமெரிக்கச் செய்திகளின் தமிழாக்கங்களில் இப்படி ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “கல்வி மாவட்டத்தின் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல்.” தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? கல்வி மாவட்டம் என்றால் அவருக்கு மாவட்டக் கல்வி அலுவலரின் எல்லை. அந்த அலுவலருக்குப் பத்திரம் எதற்கு, அதற்கு ஊர் மக்கள் ஏன் ஓட்டுப் போட வேண்டும்? எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனால் வாக்கியம் மட்டும் விளங்கவில்லை. ஓர் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் அமெரிக்க உள்ளாட்சி அமைப்பான ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பதற்குப் பிழையான தமிழைப் போட்டதால் வந்த வினை இது.

முதலில் வேர். ‘டிஸ்ட்ரிக்ட்’ இடைக்கால லத்தீனின் ‘டிஸ்ட்ரிக்டுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியிலுள்ள வினைக்கு இழுத்துப் பிடித்தல், தடுத்து நிறுத்தல் என்று பொருள். கடனுக்காகப் பொருளை ஜப்தி செய்வதைச் சொல்லும் ‘டிஸ்ட்ரெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். தன் ஆணைக்கு அடங்காதவனை அடக்கும் உரிமை ஒரு பிரபுவுக்கு இருந்தது. அந்த உரிமை செல்லும் நிலப்பரப்புக்கும் பிறகு அதே பெயர் வந்தது. ஆக, அதிகாரம் முன்னே, நிலம் பின்னே. நம் ‘மாவட்டம்’ அப்படிப் பிறக்கவில்லை. வட்டம் என்பது தாலுகா. பல வட்டங்கள் சேர்ந்த பெரிய வட்டம் மாவட்டம். ஜில்லாவுக்கு மாற்றாக வந்த நல்ல சொல், அதில் குறையில்லை. ஆனால் அது சொல்வது பரப்பையும் படிநிலையையும்தான். மேலே ஒரு மாநில அரசு இருக்கிறது, அது ஒருவரை நியமித்து அனுப்புகிறது என்பது அந்தச் சொல்லோடு ஒட்டியே வரும்.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் இதெல்லாம் தலைகீழ். அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. 1930களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தவற்றை, ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கெல்லாம் தனித்தனியாக இருந்தவற்றை, இணைத்து இணைத்து இந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார்கள். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு உள்ளாட்சி அரசுகளை ஐந்து வகையாக எண்ணுகிறது: கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு), நகராட்சி, டவுன்ஷிப் (கவுண்டிக்குள் உள்ள சிறு ஊர்ப்பகுதி), தனிப்பணி அமைப்புகள் (தண்ணீர், தீயணைப்பு போன்ற ஒரே பணிக்கானவை), ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதாவது இது ஓர் அரசு. பெரும்பாலான இடங்களில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மன்றம் தலைமை நிர்வாகியை வேலைக்கு அமர்த்துகிறது, வேண்டாமென்றால் அனுப்பிவிடுகிறது. ஆண்டு பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது. நிதியாண்டு பெரும்பாலும் ஜூலை 1இல் தொடங்கும். நிலம் வாங்குகிறது, கடன் எடுக்கிறது, வழக்குத் தொடுக்கிறது. செலவுக்கான பணத்தில் கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், பங்கு பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. மிச்சத்தை மாநிலமும் உள்ளூரும் தருகின்றன. உள்ளூர்ப் பணம் என்றால் பெரும்பாலும் சொத்து வரி.

தமிழ்நாட்டுக் கல்வி மாவட்டத்தில் இவற்றில் ஒன்றாவது உண்டா? முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் எல்லோரும் அரசு நியமித்தவர்கள். தேர்தலும் வரியும் கடனும் அங்கே இல்லை. ஆசிரியரின் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் வாசகர் தமக்குத் தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததைப் புரிந்துகொள்வார்?

‘கல்வி’யை எடுத்துவிட்டு ‘பள்ளி மாவட்டம்’ என்று போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மூலத்தில் ‘ஸ்கூல்’ இருக்கிறது, ‘டிஸ்ட்ரிக்ட்’ இருக்கிறது, பிறகென்ன என்பது அவர்கள் கேள்வி. இது அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் அடுக்குவது. இதே மொழிபெயர்ப்பாளர்கள் ‘கவுண்டி’யையும் மாவட்டம் என்றே எழுதுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 80 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் உள்ளன. அவர்கள் கணக்குப்படி ஒரு மாவட்டத்துக்குள் 80 மாவட்டம்! கலிஃபோர்னியாவில் ஒரே தெரு எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்டிலும் அதற்கு மேல் இன்னொரு டிஸ்ட்ரிக்டிலும் இருக்கலாம். இரண்டும் தனித்தனி வரி, தனித்தனித் தேர்தல். இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தால் ‘யூனிஃபைட்’. இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவதை மாவட்டம் என்ற சொல் தாங்காது. மாவட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், மேலே ஏறி நிற்காது.

டெக்சாஸில் வேறொரு விபத்து. அங்கே பெரும்பாலானவற்றின் பெயரில் ‘இண்டிபெண்டென்ட்’ இருக்கும். நகரத்துக்கோ கவுண்டிக்கோ கட்டுப்படாதது என்று அதற்குப் பொருள். அதைச் ‘சுயேச்சைப் பள்ளி மாவட்டம்’ என்று எழுதியதும் வாசகர் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு என்று எண்ணிக்கொள்கிறார். முழுக்க முழுக்க அரசுப் பள்ளிகள் அவை.

எல்லைக்கோடு எவ்வளவு கனமானது என்பதையும் ‘மாவட்டம்’ மறைத்துவிடுகிறது. டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் சொத்து மதிப்பு மாறுவதால் பள்ளிக்குக் கிடைக்கும் பணம் மாறுவது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 1973இல் சான் அன்டோனியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனப் பிரிவினையை நீக்குவதற்காக டெட்ராய்டின் மாணவர்களையும் புறநகர் டிஸ்ட்ரிக்டுகளின் மாணவர்களையும் கலந்து அனுப்பும் திட்டத்தை 1974இல் அதே நீதிமன்றம் நிராகரித்தது. நிர்வாக வசதிக்குப் போட்ட கோடென்றால் ஒரு அரசாணையில் அழிந்திருக்கும். உள்ளூர் மக்களின் கட்டுப்பாட்டில் உள்ள தனி அமைப்பின் எல்லை என்பதும் ஒரு காரணமாக, நீதிமன்றமே அங்கே நின்றது.

அப்படியானால் என்ன சொல்வது? ‘வட்டாரம்’ ஆகாது, அது வட்டாரக் கல்வி அலுவலருக்குரியது. ‘வலயம்’, ‘கோட்டம்’ இரண்டும் இலங்கையில் ஏற்கெனவே கல்வி நிர்வாகப் பிரிவுகளின் பெயர்கள். அவையும் மேலிருந்து கீழே வரும் பிரிவுகள்தான். ‘மண்டலம்’ என்றால் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று டிஸ்ட்ரிக்டுக்கு உள்ளேயே வகுக்கிறார்களே, அதோடு கலந்துவிடும். கனடாத் தமிழர் ‘கல்விச் சபை’ என்கிறார்கள். இவற்றில் இதுதான் உண்மைக்கு அருகே வருகிறது. ஆனால் சபை என்றதும் கூடிப் பேசும் குழுதான் கண்முன் வருகிறது, எல்லையும் வரியும் வருவதில்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஓர் அச்சு இருக்கிறது: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. இந்த ‘ஆட்சி’ ஒரே நேரத்தில் மூன்றைச் சொல்கிறது. “நகராட்சிக்கு வரி கட்டினேன்” என்றால் அமைப்பு. “நகராட்சி எல்லை” என்றால் நிலம். “நகராட்சித் தேர்தல்” என்றால் மக்கள் பிரதிநிதிகள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லும் அதே மூன்றைத்தான் சுமக்கிறது. எனவே பள்ளியாட்சி. பள்ளியாட்சி வரி, பள்ளியாட்சி எல்லை, பள்ளியாட்சித் தேர்தல், பள்ளியாட்சி மன்றம்: எங்கே பொருத்தினாலும் முறியாமல் நிற்கிறது. பள்ளிக்கூடம் ஆட்சி செய்வதுபோல் ஒலிக்கிறதே என்பார்கள். நகராட்சி என்றால் நகரமா ஆட்சி செய்கிறது? நகரத்துக்கான ஆட்சி. இதுவும் அப்படியே. புதிதாய் இருக்கிறதே என்பது இன்னொரு தடை. பேரூராட்சியும் ஒரு காலத்தில் புதிதாய்த்தான் இருந்திருக்கும்.

இந்தப் பொருளும் நமக்கு அந்நியமல்ல. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்தின, நிலத்தின் மீது மேல்வரி வாங்கின. ‘போர்டு ஸ்கூல்’ என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்து வந்தது.

ஒரு சொல் பிழைத்தால் அதைச் சுற்றியுள்ளவையும் பிழைக்கும். ‘சூப்பரின்டென்டென்ட்’ என்பதைக் ‘கண்காணிப்பாளர்’ என்கிறார்கள். தமிழ்நாட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என்பவர் எழுத்தர்களுக்கு மேலே உட்காருபவர், காவல்துறையில் எஸ்.பி. ஆயிரக்கணக்கான ஊழியர்களையும் கோடிக்கணக்கான டாலரையும் கையாளும் முதன்மை நிர்வாகியை அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாமா? பள்ளியாட்சித் தலைமை நிர்வாகி என்றால் முடிந்தது.

‘ஸ்கூல் போர்டு’ என்பதைப் ‘பள்ளி வாரியம்’ என்று எழுதினால் இன்றைய பெற்றோர் ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ மாதிரி தேர்வு நடத்தும் அமைப்பு என்று நினைப்பார்கள். வாரியம் என்ற சொல்லின்மேல் எனக்கு வருத்தமில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையில் தேர்ந்தவை. கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே வெட்டி வைத்தார்கள். அத்தனை பொருத்தமான சொல்லை மின்சாரத்துக்கும் தேர்வுக்கும் கொடுத்துவிட்டோம். இப்போதைக்கு மன்றம் என்பதே குழப்பமில்லாதது. ‘பள்ளி மேலாண்மைக் குழு’ என்று எழுதுவது இன்னும் மோசம். அது இங்கே ஒரு தனிப்பள்ளிக்கான பெற்றோர் குழு.

பணத்துக்கு வருவோம். ‘பாண்ட்’ என்பது வெறும் பத்திரமல்ல, கடன் பத்திரம். கட்டடம் கட்ட, கூரை மாற்ற எடுக்கும் கடன் அது. பல ஆண்டுகள் சொத்து வரியில் கழியும். ஆசிரியர் சம்பளத்துக்கும் பேருந்து டீசலுக்கும் வேண்டிய பணம் ‘லெவி’, அதாவது கூடுதல் வரி. இரண்டையும் ‘பள்ளி நிதி’ என்று ஒரே பையில் போட்டால், “புதுக் கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, ஆசிரியரை நிறுத்துகிறார்களே” என்று வாக்காளர் கோபப்படுவார். கட்டடக் கடனைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது என்பதை அந்த ஒரு சொல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

‘மில்’ என்ற வரி அலகைப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற லத்தீன் சொல் அது. அதை ‘ஆலை’ என்று தருவது இயந்திரம் செய்யும் வேலை. வரி மதிப்பில் 1,000 டாலருக்கு ஒரு டாலர், அவ்வளவுதான். ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 சதவீதம்தான் வரி மதிப்பு. ஆகவே 3,00,000 டாலர் வீட்டின் வரி மதிப்பு 1,05,000. ஐந்து மில் வரி வந்தால், கழிவுகளுக்கு முன், ஆண்டுக்கு 525 டாலர். சந்தை மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டவர் 1,500 என்று பயந்திருப்பார். ‘ஆயிரத்துக்கு ஐந்து’ என்றும், எந்த மதிப்பின்மேல் என்றும் எழுதினால் போதும்.

‘சேர்க்கை’யும் ‘வருகை’யும் ஒன்றல்ல. கலிஃபோர்னியாவில் மாநில நிதி பள்ளியில் பேர் பதிந்த எண்ணிக்கைக்கு வராது, நாள்தோறும் வந்தவர்களின் சராசரிக்குத்தான் வரும். காய்ச்சலென்று கடிதம் கொடுத்தாலும் வராத நாள் வராத நாள்தான். பள்ளியிலிருந்து வரும் வருகை எச்சரிக்கையைச் ‘சேர்க்கைக் குறைவு’ என்று மொழிபெயர்த்தால் பெற்றோருக்கு என்ன விளங்கும்?

மாணவர் செயல்பாட்டில் நடக்கும் கொடுமை பெரிது. 2015ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒரு முறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு உண்டு. அதில் ‘புரொஃபிஷியன்ட்’ என்ற நிலையைத் ‘தேர்ச்சி’ என்கிறார்கள். “எங்கள் பள்ளியில் 45 சதவீதம் தேர்ச்சி” என்று ஒரு தமிழ்த் தாய் படித்தால் மீதி 55 சதவீதம் பேர் ஃபெயில் என்று பதறுவார். நம் காதுக்குத் தேர்ச்சி என்றால் பிளஸ் டூ முடிவு. அங்கே அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவரை ஃபெயில் என்று யாரும் சொல்வதில்லை. அந்த வகுப்புக்கு வைத்த தரத்தை எட்டவில்லை என்பதே பொருள். கோட்டின் உயரத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே வைக்கிறது, ஆகவே இரு மாநிலப் பள்ளியாட்சிகளின் சதவீதத்தை அருகருகே வைக்கவும் கூடாது. ‘வகுப்புத் தரம் எட்டியோர்’ என்று எழுதுங்கள். மூன்று சொல்தான், தாளில் இடம் இருக்கிறது.

முதல் வரியைத் திருத்திப் பார்ப்போம்: “பள்ளியாட்சியின் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல்.” இப்போது யார் கடன் வாங்குகிறார்கள், யாரைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது விளங்குகிறது.

எல்லா இடத்திலும் இதே சொல்லை ஒட்டக் கூடாது. வர்ஜீனியாவில் ‘ஸ்கூல் டிவிஷன்’ என்கிறார்கள்; அவை தாமே வரி போட முடியாது, நகரமோ கவுண்டியோ தரும் பணத்தில் நடக்கின்றன. ஹவாயில் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று, அதன் குழுவை ஆளுநர் நியமிக்கிறார். அவற்றுக்குப் ‘பள்ளிக் கோட்டம்’, ‘பள்ளித் துறை’ என்று வேறு பெயர் வைத்தால்தான் பள்ளியாட்சி என்ற சொல்லுக்கும் எடை இருக்கும்.