பச்சை ஸ்கிரீனைத் தூக்கிடலாமான்னு பாஸ் கேட்டா

வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் ரினியூவல் வர்றப்போ இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும். "இந்தப் பழைய பெட்டிக்கு எதுக்குய்யா இவ்ளோ, நாலு சாதா சர்வர் வாங்கி எல்லாத்தையும் மாத்திடலாமே?" கறுப்புத் திரைல பச்சை எழுத்து வர்ற, ஐபிஎம்மோட பிசினஸ் கம்ப்யூட்டரான ஏஎஸ்/400ல வேலை பாக்குறவங்களுக்கு இது பழகின பாட்டுதான். முதல் தடவை கேட்டப்போ நான் சிங்கிள் லெவல் ஸ்டோரேஜ், ஆப்ஜெக்ட் ஆர்க்கிடெக்சர்னு அரைமணி நேரம் அளந்தேன், அவர் பாட்டுக்கு போனை நோண்டிட்டு இருந்தாரு. தப்பு என்னுதுதான். செலவைக் கேட்ட மனுஷன்கிட்ட செலவைத்தான் பேசணும்.

முதல்ல இந்த "பழசு"ங்கிற பேச்சு. 1988ல வந்தது உண்மை, ஆனா ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐன்னு பேரு மாறி மாறி இன்னிக்கு பவர் சர்வர்ல ஓடுது, அதோட ஓஎஸ்ல 2022ல 7.5 வெர்ஷன் வந்துச்சு, 2025ல 7.6. பெட்டி புதுசு, உள்ள ஓடுற நம்ம புரோகிராம்தான் பழசு. 1995ல 48 பிட்ல இருந்து 64 பிட் பிராசசருக்குப் போனப்போ புரோகிராமுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவுல ஒரு லேயர் இருந்ததால நிறைய புரோகிராமை மறுபடி கம்பைல் கூட பண்ண வேண்டி வரல, சிஸ்டமே மாத்திக்கிச்சு. பாஸ்கிட்ட நான் சொன்னது ஒண்ணுதான்: "சார், அப்போ ஒருதடவை கொடுத்த காசு இன்னும் உழைக்குது."

அப்புறம் கொட்டேஷன். ஏஎஸ்/400ல டிபி2 டேட்டாபேஸ் ஓஎஸ்குள்ளயே வருது, செக்யூரிட்டி, ஜாப் ஷெட்யூலர், பேக்கப்புக்கான கமாண்ட் எல்லாம் அதுலயே இருக்கு. புது கொட்டேஷன்ல இதெல்லாம் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, பல தடவை தனித்தனி லைன்ல இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. ரெண்டு சிஸ்டத்தையும் சேத்து ஓட்டுற மாசங்களுக்கு ரெண்டு செலவு, அதை யாரும் எழுதுறதே இல்ல.

ஆனா அவரை யோசிக்க வச்சது இது எதுவும் இல்ல. ராத்திரி ஓடுற ஜாப் ஷெட்யூல் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சு, ஒவ்வொரு லைனா இது எதுக்குன்னு அக்கவுண்ட்ஸ்லயும் குடோன்லயும் கேட்டுட்டு வந்தோம். சிஸ்டத்துக்கு கமாண்ட் கொடுக்கிற சிஎல் மொழில ஒரு சின்ன புரோகிராம், பேரைப் பாத்தா எதுவும் புரியாது, கிரெடிட் லிமிட் தாண்டின கஸ்டமரோட ஆர்டரை காலைல லோடு ஏறுறதுக்கு முன்னாடி ஹோல்ட் பண்ணிட்டு இருந்திருக்கு. புது சிஸ்டத்துக்குக் கொடுத்த ரிக்வயர்மென்ட்ல இது இல்லவே இல்ல! டிரையல்ல பில் டோட்டலும் கடைசி டெசிமல்ல உதைச்சுது, ஏன்னா நம்ம புரோகிராம் எழுதின ஆர்பிஜி மொழி பணத்தை பேக்டு டெசிமல்ல, அதாவது நாம எழுதுற மாதிரி ஒவ்வொரு இலக்கமா, வச்சிருக்கு, புது சிஸ்டத்துல எவனோ ஃப்ளோட்ல, அதாவது பைனரி பின்னமா, போட்டிருந்தான், 0.1ங்கிறதை பைனரில முழுசா எழுதவே முடியாது.

பெரிய இடத்துலயும் மாத்தும்போது அடி விழுது. பிரிட்டன்ல டிஎஸ்பி பேங்க் 2018 ஏப்ரல்ல புது பிளாட்ஃபார்முக்கு மாறினப்போ லட்சக்கணக்கான கஸ்டமருக்கு அக்கவுண்டைத் திறக்க முடியல, 2022ல 4.8 கோடி பவுண்டுக்கு மேல ஃபைன். அவங்க மாறினது ஏஎஸ்/400ல இருந்து இல்ல, அதையும் சொல்லிடுங்க, இல்லேன்னா பின்னாடி கண்டுபிடிச்சு நம்ம பேச்சையே நம்ப மாட்டாரு.

நம்ம பக்கம் ஓட்டை இல்லாம இல்ல. பச்சை ஸ்கிரீனைப் பாத்தா புதுசா சேர்ற பசங்க மிரளுறாங்க, அதுக்கு மேல வெப் ஸ்கிரீன் போடலாம், டேட்டாபேஸ்ல தேடுற எஸ்க்யூஎல் மொழி தெரிஞ்சவனுக்கு உள்ள இருக்கிற டேட்டா புதுசா தெரியாது. நிஜப் பயம் ஆள்தான். அந்த லிஸ்ட்டைப் புரட்டிட்டு பாஸ் கேட்டாரு, "அந்த ஹோல்ட் புரோகிராமை எழுதினது யாருய்யா?"

"ரிட்டயர் ஆகிட்டாரு சார்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரினியூவல்ல கையெழுத்துப் போட்டுட்டு, ஆர்பிஜி கத்துக்க ரெண்டு ஜூனியர் பசங்க பேரைக் கொடுன்னாரு.