பச்சைக் குழந்தைக்குக் கோழை அடைக்கும்போது

பிறந்து ஒரு நாளேயான குழந்தை திடீரென முகம் சிவந்து ஓங்காளித்து, நுரை கலந்த கோழையைத் தள்ளுவதைக் கண்டு பதறாத வீடு வன்னியில் இல்லை. "பிள்ளைக்குப் பிரக்கடிச்சிட்டுது" (புரையேறிவிட்டது) என்று அம்மம்மா ஓடிவருவார். ஆனால் இருமலும் ஓங்காளமும், கோழை மூச்சுக்குழலுக்குள் இறங்காமல் தடுக்க உடல் தானாகவே செய்யும் தெறிவினைகளே.

கருவிலிருக்கும் குழந்தையின் சுவாசப்பைகளில் காற்று இல்லை. அவை தாமே சுரக்கும் திரவத்தால் நிறைந்திருக்கும். நிறைமாதத்தில் அதன் அளவு கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். பிரசவ வலியின்போது குழந்தையின் உடலில் அதிரினலின் என்ற ஓமோன் பெருக, அதுவரை திரவத்தைச் சுரந்த கலங்கள் சோடியத்தை உறிஞ்சத் தொடங்குகின்றன. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்பட்டுக் குருதியில் சேர்கிறது. பிறக்கும்போது நெஞ்சு பிழியப்பட்டுத்தான் எல்லாம் வெளியேறுகிறது என்ற பழைய விளக்கம் பாதி உண்மைதான். வலி தொடங்குமுன் சிசேரியனில் எடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்த மாற்றம் முழுமையடையாததால், அவர்களுக்குத் திரவம் கூடுதலாகத் தங்கிவிடும். கருவில் விழுங்கிய பனிக்குட நீரும் முதல் ஓரிரு நாட்கள் இரைப்பையிலிருந்து மேலே வரும்.

ஓங்காளிக்கும் குழந்தையை ஒருக்களித்துத் திருப்பி, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் கோழை கன்னத்தின் வழியே தானாக வடியும்; சுத்தமான துணியால் ஒற்றியெடுத்தால் போதும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் கோழை இன்னும் ஆழத்துக்குப் போகும். உறிஞ்சு குமிழ் வைத்திருப்பவர்கள் முதலில் வாயிலும் பிறகே மூக்கிலும் உறிஞ்ச வேண்டும். ஏனெனில் மூக்கைச் சீண்டியதும் குழந்தை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும், அப்போது வாயிலிருப்பது உள்ளே போய்விடும். தொண்டைவரை குழாயை விட்டு உறிஞ்சுவது, இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகசு நரம்பைத் தூண்டி இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடும். தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு வழக்கமாக உறிஞ்ச வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அஞ்ச வேண்டியது சத்தத்துக்கல்ல, சத்தமின்மைக்கு. அழுகையோ இருமலோ வராமல் உதடு நீலம் பாய்ந்தால், குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை உடலைவிடத் தாழ இருக்குமாறு பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பலனில்லையெனில் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியை 5 முறை அழுத்தி, மீண்டும் தட்ட வேண்டும். வயிற்றை அழுத்தக்கூடாது, ஈரல் காயப்படலாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். குழந்தை துவண்டு மூச்சற்றுப் போனால் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்க வேண்டும். இதற்கிடையில் இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்கட்டும்; ஏ9 வீதியிலிருந்து விலகிய உட்கிராமங்களுக்கு அம்புலன்ஸ் வந்துசேரும்வரை முதலுதவியை நிறுத்தக்கூடாது. குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது இந்தப் பிடியைச் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

புரையேறுமென்று பயந்து குழந்தையைக் குப்புற உறங்கவைக்கும் வழக்கம் தவறு. மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே அமைவதால், மேலே வரும் பால் அதற்குள் எளிதில் ஏறாது.

வாயிலிருந்து நுரை ஓயாமல் வழிந்து, பாலூட்டும்போதெல்லாம் திணறினால், உணவுக்குழல் இரைப்பையோடு இணையாத பிறவிக் குறையாக இருக்கலாம். பச்சை நிற வாந்தி குடலடைப்பின் அறிகுறியாகலாம். இவ்விரண்டிலும் பாலூட்டுவதை நிறுத்தி, உடனே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.