ஃப்ரெஸ்கோ: ஈரச்சுதை ஓவியம்

புளோரன்ஸ் நகரத்துத் தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘ஃப்ரெஸ்கோ’வைச் ‘சுவரோவியம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அது போதாது. சுவரில் எதை எப்படி வரைந்தாலும் சுவரோவியம்தான். ஃப்ரெஸ்கோ என்பது ஒரு தனித் தொழில்முறை.

இத்தாலிய மொழியில் ‘ஃப்ரெஸ்கோ’ என்றால் புதியது, குளிர்ச்சியானது என்று பொருள். புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் அதன்மேல் தீட்டுவதால் இந்தப் பெயர். நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்தாலே போதும், பசை வேண்டியதில்லை. சாந்து உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுகிறது. நிறமும் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது.

எனவே அன்றைக்குத் தீட்டி முடிக்கும் அளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். அந்த ஒரு நாள் பூச்சுக்கு ‘ஜோர்னாத்தா’ என்று பெயர். அடுத்த நாள் பூச்சு வந்து சேரும் விளிம்பில் மெல்லிய கோடு விழும். எந்த விளிம்பு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தே, ஓவியர் எந்தப் பகுதியை முதலில் தீட்டினார் என்று இன்று சொல்லிவிடுகிறார்கள். புளோரன்ஸின் சாந்தா மரியா டெல் கார்மினே தேவாலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயத்தில், 1420களில் ஓவியர் மசாச்சோ ஈரச் சாந்தில் தீட்டிய ஆதாமும் ஏவாளும் ஏதேனை விட்டு வெளியேறுகிறார்கள். ஆதாம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான். ஏவாள் வாய்விட்டுக் கதறுகிறாள். ஈரம் காய்வதற்குள் தீட்டிய முகம் அது என்று நினைக்கும்போது வியப்பு இன்னும் கூடுகிறது. மசாச்சோ 1428இல், 26 வயதில் இறந்துபோனார்.

அசுரைட் என்னும் நீல நிறக் கனிமப் பொடிக்கு ஈரச் சுண்ணாம்பு ஒத்துவராது. சுவர் காய்ந்தபின் பசை சேர்த்து அதைப் பூசினார்கள். இதற்கு ‘செக்கோ’, அதாவது உலர்ந்தது, என்று பெயர். பல ஓவியங்களில் வானமும் மரியாளின் நீல மேலாடையும் மட்டும் உதிர்ந்திருப்பது இதனால்தான்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கோபுரத்து உருவங்களைச் ‘சுதைச் சிற்பம்’ என்கிறோமே, அந்தச் சுதை சுண்ணாம்புச் சாந்துதான். ஃப்ரெஸ்கோவை ‘ஈரச்சுதை ஓவியம்’ என்றும், செக்கோவை ‘உலர்சுதை ஓவியம்’ என்றும் எழுதலாம். மிலான் நகரில் லியோனார்டோ தீட்டிய ‘இறுதி இராவுணவு’ ஃப்ரெஸ்கோ என்று அடிக்கடி அச்சாகிறது, அது தவறு. அவர் உலர்ந்த சுவரில் தீட்டினார். சில பத்தாண்டுகளிலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது.