ஓநாயாகப் போன பையன்கள்

நாயின் பல்லைக் குறுக்கே அறுத்து, தாள் போல மெல்லிசாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வேரைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம் போலக் கோடுகள் தெரியும். வளரும் பருவத்தில் அகலமான பட்டை, குளிர்காலத்தில் ஒடுங்கிய பட்டை என்று வருசத்துக்கு ஒரு ஜோடி. ஓரத்தில் கடைசியாக எந்தப் பட்டை நிற்கிறதோ, அந்தப் பருவத்தில்தான் நாய் செத்திருக்கிறது. நாலாயிரம் வருசத்துக்கு முன்னால் செத்த நாயாக இருந்தாலும் பல் அதைச் சொல்லிவிடும்.

ரஷ்யாவில், வோல்காவில் வந்து சேரும் சமாரா ஆற்றின் பள்ளத்தாக்கில் கிராஸ்னோசமார்ஸ்கோயே என்றொரு இடம். டேவிட் ஆந்தனி, டார்கஸ் பிரவுன் என்ற தொல்லியலாளர் தம்பதி அங்கே அகழாய்வு செய்தபோது, சுமார் கிமு 1900 முதல் 1700 வரை மாடு மேய்த்து வாழ்ந்த ஸ்ருப்னயா மக்களின் சின்னக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கிடைப்பது வழக்கம்தான், ஆனால் இங்கே குறைந்தது 51 நாய்களும் 7 ஓநாய்களும் கிடந்தன. அதே பண்பாட்டின் மற்ற ஊர்களில் மொத்த எலும்பில் நாயின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம், இங்கே 30 சதவீதத்துக்கு மேல்.

வெட்டியிருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மூக்குப் பகுதி மூன்று துண்டு, மண்டையோடு இன்னும் சின்னச் சின்னத் துண்டுகள், கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் ஒரே கணக்கு. கோடாரியை நன்றாகப் பழகிய கை செய்த வேலை அது. கறிக்காக அறுப்பவர் தலையை இப்படி நறுக்கிக்கொண்டிருக்க மாட்டார், அதில் கிடைக்கிற இறைச்சிக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை. தீயில் வாட்டித் தின்றும் இருக்கிறார்கள். பல நாய்களுக்கு வயது ஏழு முதல் பன்னிரண்டு வரை, அதாவது யாரோ பல வருசம் சோறு போட்டு நன்றாக வளர்த்த கிழட்டு நாய்கள். அங்கே மாடுகளை எல்லாப் பருவத்திலும் அறுத்திருக்கிறார்கள், நாய்களை மட்டும் பெரும்பாலும் குளிர்காலத்தில். இதைப் பஞ்சத்தின் கணக்கில் எழுத முடியாது. சடங்கு என்றுதான் எனக்கும் படுகிறது.

என்ன சடங்கு? எலும்பு அதைச் சொல்லாது. அதனால் ஆந்தனியும் பிரவுனும் பழைய சொற்களிடமும் கதைகளிடமும் போனார்கள். இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டெடுத்த ஒரு மூலச்சொல் உண்டு: கோர்யோஸ், படைக்கூட்டம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் படையைக் குறிக்கும் ஹேர், பழம்பாரசீகத்தின் கார, லிதுவேனிய மொழியில் போர் என்று பொருள்படும் காரஸ் எல்லாம் அதன் வாரிசுகள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மணமாகாத, சொத்து இல்லாத இளவட்டங்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மாடுதான் செல்வம் என்ற சமூகத்தை நினைத்துப் பாருங்கள். அப்பன் கையில் மந்தை, மூத்தவனுக்குப் பிறகுதான் இளையவனுக்கு ஏதாவது, பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கவும் மாடு வேண்டும், ஆனால் பதினைந்து பதினாறு வயதுப் பையனுக்கு உடம்பு நிறைய வலு இருக்கிறதே தவிர சொந்தமாக ஒரு கன்றுகூட இல்லை. அவனை ஊருக்குள்ளேயே வைத்திருந்தால் சண்டை. அதனால் சில வருசத்துக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். போகிறவன் ஊருக்குச் செத்தவன் மாதிரி, சட்டமும் உறவும் அவனைக் கட்டாது, அடுத்த குலத்தின் மாட்டைக் கவரலாம், அந்தக் காலத்தில் அவன் மனிதனே இல்லை, ஓநாய். தவணை முடிந்து திரும்பியதும் செய்ததெல்லாம் ஓநாய் செய்த கணக்கில் போய்விடும், அவன் குடும்பஸ்தனாக உட்காரலாம். விலங்கு வேடத்தின் வேலையே இதுதான் என்று நினைக்கிறேன்: பழி வேடத்தோடு கழன்றுவிடுகிறது. வேடத்துக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டுமே, தன்னோடு வளர்ந்த நாயையே கொன்று தின்பதுதான் அந்த வாசல் என்பது ஆந்தனியும் பிரவுனும் தரும் விளக்கம்.

இதன் சாயல் நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. சிவன் கோயில்களில் ஓதும் ஸ்ரீருத்திரத்தின் நான்காம் அனுவாகத்தில் ருத்திரனை வணங்கும்போது 'வ்ராத' என்னும் கூட்டங்களுக்கும் கூட்டத் தலைவர்களுக்கும் வணக்கம் சொல்கிறார்கள், அப்புறம் அதே அனுவாகத்தின் முடிவில் நாய்களுக்கும் நாய்களின் தலைவர்களுக்கும் வணக்கம். அந்த வ்ராத என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லப்படுபவர்கள்தான் விராத்தியர்கள் என்ற திரிந்து வாழ்ந்த கூட்டத்தார், அதர்வ வேதத்தின் 15ஆம் காண்டம் முழுக்க அவர்களைப் பற்றியது. நடுக்குளிர்காலத்தின் பன்னிரண்டு நாள் சடங்கையும் நாயையும் சூதாட்டக் காயையும் இந்தக் கூட்டத்தோடு இணைத்து 1986இல் ஹாரி ஃபால்க் என்ற ஜெர்மன் இந்தியவியலாளர் எழுதினார். வோல்காக் கரையின் குளிர்கால நாய்களுக்குக் கிடைத்த மிக நெருங்கிய துணை இதுதான்.

மற்ற இடங்களிலும் தடம் உண்டு. ஸ்வீடனின் ஓலாந்துத் தீவில் 1870இல் கிடைத்த டோர்ஸ்லுண்டா வெண்கல அச்சு ஒன்றில், ஓநாய்த் தலையோடு கூடிய தோலைப் போர்த்திய வீரன் ஈட்டியோடு நிற்கிறான். அயர்லாந்தின் வீரன் கூ ஹுலினின் பெயருக்கே குலானின் நாய் என்று பொருள், குலான் என்ற கொல்லனின் நாயைக் கொன்ற சிறுவன் அதன் காவல் வேலையைத் தானே ஏற்றதால் வந்த பெயர். பீமனுக்கு விருகோதரன், அதாவது ஓநாய் வயிற்றன், என்று பெயர் இருப்பதும் நினைவுக்கு வருகிறது, ஆனால் அதைப் பெரும்பசியின் பெயராக எடுத்துக்கொள்வதே நியாயம்.

சரி, ஒரு எச்சரிக்கை. வோல்காக் கரை எலும்புக்கும், ஓநாய்த் தோல் வீரர்களைப் பாடும் ஸ்காண்டிநேவியப் பாடல்களுக்கும் இடையே மூவாயிரம் வருசத்துக்கு அருகே இடைவெளி இருக்கிறது. அதைவிட மோசமானது, 1930களில் ஓட்டோ ஹோஃப்லர் என்ற ஆஸ்திரிய அறிஞர் போன்றவர்கள் இந்த வீரக் கூட்டத்தைப் புகழ்பாடி நாஜிகளின் கருத்துக்குத் தீனி போட்டார்கள். கொள்ளையடிக்கப்பட்ட ஊரின் பக்கமிருந்து பார்த்தால் இதில் புகழ எதுவுமே கிடையாது. ஸ்பார்ட்டாவில் கிரிப்டெயா என்ற பெயரில் இளைஞர்கள் கத்தியோடு பகலில் ஒளிந்து, இரவில் ஹெலட் என்னும் அடிமை உழவர்களைக் கொன்றதாக பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

கிரேக்கத்தின் ஆர்க்காடியாவைப் பற்றிய ஒரு கதையை பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். சீட்டு விழுந்தவனை ஒரு குளக்கரைக்குக் கூட்டிப் போவார்கள், அவன் துணியைக் கருவாலி மரத்தில் மாட்டிவிட்டு நீந்தி அக்கரை போய் ஓநாயாகிவிடுவான். ஒன்பது வருசம் மனிதரைத் தொடாமல் இருந்தால் அதே குளத்தை நீந்தி வந்து பழைய உருவத்தைப் பெறலாம், மாட்டிவைத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொள்வான் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உருவம் பழையதுதான், ஆனால் முகத்தில் ஒன்பது வயது கூடியிருக்கும்.