நாரும் நெகிழியும் நீரும்

பூக்கடையில் சரம் தொடுப்பவருக்கு அருகே, ஒரு கிண்ணத்து நீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த நாரை முடிச்சிட்டால் அது பட்டென்று முறிந்துவிடும். ஊறிய நாரோ விரலின் போக்குக்கு வளைந்து, மல்லிகைக் காம்பை நசுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாருக்குள் புகுந்த நீர், அங்குள்ள மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தி, அவை ஒன்றையொன்று உரசி நழுவ இடம் கொடுப்பதே இதற்குக் காரணம். அதே நாரை மட்கும் நெகிழியோடு சேர்த்து உணவுத் தட்டு, பழப்பெட்டி, நாற்றுத் தொட்டி போன்றவற்றைச் செய்ய முற்படும்போதும், நீருக்கும் நாருக்கும் உள்ள இந்த நெருக்கமே முதலில் இடையூறாகவும் கடைசியில் உதவியாகவும் வந்து நிற்கிறது.

மட்கும் நெகிழிகளில் இன்று பரவலாகக் கிடைப்பது பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஏ. மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைப் பாக்டீரியாக்களைக் கொண்டு நொதிக்கச் செய்தால், தயிருக்குப் புளிப்பைத் தருகிற அதே லாக்டிக் அமிலம் உண்டாகும். அதன் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் கண்ணாடிபோல் தெளிவான, விறைப்பான ஒரு நெகிழி கிடைக்கும். அதற்கு இரண்டு குறைகள் உண்டு. இழுத்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு நீள்வதற்குள் முறிந்துவிடும். வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் குழைந்துவிடும். சூடான சாம்பாரை ஊற்றினால் சாதாரண பி.எல்.ஏ. கிண்ணம் தன் வடிவத்தை இழப்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் நார் வருகிறது. தாவர நாரின் வலிமை, செல்லுலோஸ் என்னும் பொருளாலான அதன் நுண்ணிழைகளிலிருந்து வருகிறது. அவை நாரின் அச்சைச் சுற்றி, திருகாணியின் புரிபோலச் சாய்ந்து சுழன்றிருக்கின்றன. வாழைநாரில் அந்தச் சாய்வு சுமார் 11 டிகிரி மட்டுமே. நுண்ணிழைகள் கிட்டத்தட்ட நேராக ஓடுவதால், இழுவிசை முழுவதும் அவற்றின்மீது நேராக விழுகிறது, நாரும் விறைப்பாக நின்று தாங்குகிறது. தேங்காய் மஞ்சியில் சாய்வு 30 டிகிரிக்கும் மேல். அதை இழுக்கும்போது சுருள்கம்பி விரிவதுபோல நுண்ணிழைகள் முதலில் நிமிர்கின்றன. அதனால் வாழைநார் 3 விழுக்காட்டளவில் அறுந்துபோக, மஞ்சி 15 விழுக்காட்டுக்கும் மேல் நீள்கிறது. பொருளுக்கு விறைப்பு வேண்டுமானால் வாழைநாரும் சணலும் ஏற்றவை. அதிர்வையும் மோதலையும் தாங்க வேண்டுமானால் மஞ்சியை நினைத்துப் பார்க்கலாம். எந்த நாரும் எதற்கும் ஆகும் என்று எண்ணிக் கலப்பது வீண்வேலை.

கலவையில் பாரம் எப்படி நாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் நடுநாயகமான கேள்வி. வெளியிலிருந்து வரும் விசையை முதலில் வாங்கிக்கொள்வது நெகிழி. அது நாரின் பக்கங்களைப் பற்றி இழுத்து, அந்த விசையை நாருக்குள் கடத்துகிறது. பிடிமானம் இல்லையென்றால் நார் எவ்வளவு வலிமையானதாக இருந்தும் பயனில்லை. சரியாகப் பிணையாத ஒரு தகட்டை வளைத்து முறித்து, முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: நார்கள் அறுபடாமல் உருவிக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும், அவற்றின் மேல் நெகிழியின் ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்காது, எதிர் முகத்தில் அவை இருந்த இடங்கள் ஊசியால் குத்தியதுபோன்ற வழுவழுப்பான துளைகளாகத் தெரியும். உள்ளே இருந்த நார் பாரத்தைத் தொடவே இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிணைப்பு ஏன் கெடுகிறது? செல்லுலோஸின் மேற்பரப்பெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்தவை) நிறைந்துள்ளன. அவை நீரை விரும்புபவை. பி.எல்.ஏ.வுக்கு நீரோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. நெகிழியை உருக்கி நாரோடு கலந்தாலும் இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் நுண்ணிய இடைவெளிகள் நின்றுவிடுகின்றன. இதைச் சரிசெய்யப் பரவலாகக் கையாளப்படும் வழி, நாரை ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது. 1844இல் இங்கிலாந்தின் ஜான் மெர்சர் பருத்தித் துணியில் கண்டறிந்த காரச் சிகிச்சையின் வழிவந்த முறை இது. காரம், நாரின் மேலுள்ள மெழுகையும் பெக்டின் என்னும் பசையையும், உள்ளிருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்னும் துணைப்பொருளின் ஒரு பகுதியையும் கரைத்து நீக்குகிறது; மேற்பரப்பு சொரசொரப்பாகி, உருகிய நெகிழி அந்த மேடுபள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்கிறது. கரைசல் கடுமையானால் செல்லுலோஸே சிதையும். கழுவிய நீரை நடுநிலைப்படுத்தாமல் ஓடையில் விட்டால், சூழலைக் காக்கத் தொடங்கிய வேலை சூழலையே கெடுக்கும். மற்றொரு வழி, மலீயிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருள் ஒட்டிய பி.எல்.ஏ.வைச் சிறிதளவு சேர்ப்பது. அது ஒரு முனையால் நாரின் ஹைட்ராக்சிலோடு பிணைந்து, மறுமுனையால் நெகிழிச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்பு நாரையும் நெகிழிக் குருணையையும் நன்கு உலர்த்தியாக வேண்டும். பி.எல்.ஏ. 170 டிகிரியை ஒட்டி உருகும். அந்த வெப்பத்தில் எஞ்சியிருக்கும் ஈரம் அதன் சங்கிலிகளை வெட்டித் துண்டாக்கிவிடும். வெப்பம் 200 டிகிரியைத் தாண்டினாலோ நார் கருகத் தொடங்கும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் இரட்டைத் திருகு எந்திரத்தில் கலவை தயாராகிறது. எடையில் 30 விழுக்காடு ஆளி நாரைச் சேர்த்துச் செய்த பி.எல்.ஏ.வின் விறைப்பு இருமடங்குக்கும் மேல் உயர்ந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. முறிந்துபோகும் தன்மை அதே அளவுக்குக் குறைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நார் சேர்ந்த நெகிழி ஒளி ஊடுருவாது, பழுப்பேறியிருக்கும். ஆகவே உள்ளிருப்பது தெரிய வேண்டிய மெல்லிய உறைகளுக்கு அது பொருந்தாது. தட்டு, பெட்டி, முனைக்காப்பு, நாற்றுத் தொட்டி ஆகியவையே அதற்குரிய இடம். ஈரமான பண்டங்களை நெடுநாள் வைத்தால், வெட்டுமுனையில் வெளித்தெரியும் நார் நீரை உறிஞ்சி வீங்கி, எல்லைக்கோட்டில் வெடிப்பை உண்டாக்கும்.

நார் கலந்திருப்பதாலேயே ஒரு பொருள் மட்கிவிடாது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 30 இலட்சத்துக்கும் மேல் உருவான டிராபண்ட் கார்களின் மேலுடல், பருத்திக் கழிவை ஃபீனாலிக் ரெசின் என்னும் இறுகும் பிசினில் அழுத்திச் செய்தது. நார் தாவரத்தினுடையது, ஆனால் ரெசின் மட்காதது, எனவே அந்தக் கூடுகளை அப்புறப்படுத்துவது பெரும் தொல்லையானது. மெலமைன் என்னும் கடினமான நெகிழியில் மூங்கில் தூளைக் கலந்து 'இயற்கைக் குவளை' என்று விற்கப்பட்டவை இன்னும் மோசம். சூடான பானம் பட்டால் மெலமைன், ஃபார்மால்டிஹைடு என்னும் தீங்கான வேதிப்பொருட்கள் அதிகமாகக் கசியக்கூடும் என்பதால், அவற்றைச் சந்தையிலிருந்து நீக்கும் நடவடிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மேற்கொண்டது. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி 'இதில் என்ன நார்' என்பதல்ல, 'நாரைச் சுற்றியிருப்பது என்ன' என்பதுதான்.

சுற்றியிருப்பது பி.எல்.ஏ.வாக இருந்தால், மட்குதல் இரண்டு கட்டங்களாக நடக்கும். முதலில் நீர் உட்புகுந்து சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டிச் சங்கிலிகளைச் சிறிதாக்க வேண்டும். பிறகுதான் நுண்ணுயிரிகளால் அவற்றை உண்ண முடியும். சங்கிலிகள் அசையத் தொடங்கும் 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில்தான் இந்த வெட்டு விரைவாக நடக்கிறது. தொழில்முறை உரக்கூடங்கள் 58 டிகிரியை ஒட்டி இயங்குவது இங்கே கைகொடுக்கிறது. ஐரோப்பாவின் ஈ.என். 13432 தரமும், ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்று இத்தகைய கூடத்தின் நிலைமைகளை வைத்தே கேட்கிறது. கொல்லைப்புற எருக்குழியிலும் கடல்நீரிலும் அந்தச் சூடு கிடையாது. அங்கே வீசப்பட்ட பி.எல்.ஏ. நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

உற்பத்தியின்போது அவ்வளவு பாடுபட்டு விலக்கி வைத்த நீர், உரக்கூடத்தில் நாரின் வழியே திரும்பி வருகிறது. ஒவ்வொரு நாரும் ஒரு விளக்குத்திரிபோல ஈரத்தை உறிஞ்சிப் பொருளின் நடுப்பகுதிவரை கொண்டுசெல்ல, நெகிழி வெளியிலிருந்து மட்டுமன்றி உள்ளிருந்தும் பிளவுபடுகிறது. நாரும் தன் இயல்புக்கேற்பவே மட்கும்: தாவரத்துக்கு மரத்தன்மை தரும் லிக்னின் குறைந்த வாழைநார் விரைவில் மண்ணாகும். லிக்னின் 40 விழுக்காட்டை எட்டும் மஞ்சியோ, மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் விரிக்கப்படும் கயிற்று வலையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதுபோல, தன்னைச் சூழ்ந்திருந்த நெகிழி கரைந்த பிறகும் உரத்துக்குள் பழுப்புத் துணுக்குகளாகக் கொஞ்சகாலம் கிடக்கும்.