ஹிஸ்டோகிராம்: தறிக்கம்பமா, செவ்வகமா?

தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் ‘நிகழ்வுச் செவ்வகம்’தான் ஆங்கிலவழிப் பிள்ளைகள் சொல்லும் ஹிஸ்டோகிராம். அளவுகளைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்பதைச் செவ்வகங்களால் காட்டும் படம் அது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ‘வலையுரு வரையம்’ என்று பெயர்.

ஹிஸ்டோகிராம் என்ற சொல்லை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். கிரேக்க மொழியில் ‘ஹிஸ்டோஸ்’ என்றால் நிமிர்ந்து நிற்பது: கப்பலின் பாய்மரம், நெசவுத் தறியின் கம்பம். ‘கிராமா’ என்றால் வரைந்தது, எழுதியது. சேலம் அம்மாப்பேட்டைப் பிள்ளைகளிடம் தறி என்றால் குழித்தறிதான் நினைவுக்கு வரும். அதில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், படுத்துக் கிடக்கும். பழைய கிரேக்கத் தறியோ சுவரில் சாய்த்து நிறுத்தியது. பாவு மேலிருந்து தொங்கும். அந்தக் கம்பங்களை மனத்தில் நிறுத்தினால்தான் பெயர் விளங்கும். வரலாற்றுக் காலங்களைக் கட்டம் கட்டிக் காட்டவும் இப்படம் உதவும் என்று பியர்சன் சொன்னதால், ‘ஹிஸ்டரி’யிலிருந்தே பெயர் வந்தது என்பாரும் உண்டு. அகராதிகள் பெரும்பாலும் தறிக்கம்பத்தின் பக்கம்.

என்னைக் கேட்டால், கிரேக்கப் பெயரைவிட ‘நிகழ்வுச் செவ்வகம்’ என்ற தமிழ்ப் பெயர் மேல். கம்பத்துக்கு உயரம் மட்டும்தான். செவ்வகத்துக்குப் பரப்பும் உண்டு. இந்தப் படத்தின் உயிரே பரப்பில்தான் இருக்கிறது.

வகுப்பில் குழப்பம் தொடங்குவது பட்டை வரைபடத்தோடு. அது மூத்தது, வில்லியம் பிளேஃபேர் 1786இலேயே வரைந்துவிட்டார். சேலம் சந்தையில் மல்கோவா, செந்தூரா, பெங்களூரா எத்தனை கூடை வந்தன என்று காட்டப் பட்டை போதும். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடலாம், வரிசையை மாற்றினாலும் குடி முழுகாது. ஆனால் நாற்பது செந்தூராப் பழங்களை எடைபோட்டுப் பிரித்தால் கதை வேறு. 200–250 கிராமில் 6, 250–300இல் 14, 300–350இல் 12, 350–400இல் 5, 400–450இல் 3 என்று வைத்துக்கொள்வோம். எடை என்பது தொடர்ந்து ஓடும் அளவு. ஆகவே செவ்வகங்கள் ஒட்டித்தான் நிற்கவேண்டும், இடம் மாறவும் கூடாது. சரியாக 300 கிராம் உள்ள பழம் எங்கே போகும்? 300–350இல்தான். கேள்வி சிறியது, மதிப்பெண் போவது இங்கேதான்.

இனிக் கடைசி இரண்டு பிரிவுகளையும் 350–450 என்று சேர்த்துப் பாருங்கள். பழம் எட்டு. உயரத்தையும் எட்டாகவே வரைந்தால், அகலம் இரட்டிப்பாகிப் பதினாறு பழம் போலக் கண்ணை ஏமாற்றும். மற்ற செவ்வகங்கள் 50 கிராமுக்கு வரையப்பட்டவை. ஆகவே இதன் உயரம் நான்கு. பரப்பே நிகழ்வெண், அதாவது பிரிவில் விழும் எண்ணிக்கை, என்பது பியர்சனின் வரையறை. பள்ளிப் பயிற்சிகளில் பிரிவுகள் பெரும்பாலும் சம அகலத்தில் அமைவதால் உயரத்தைப் பார்த்தே விடை எழுதிவிட முடிகிறது. ‘செவ்வகம்’ என்ற சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சேர்த்த பிரிவு ஒன்றைக் கரும்பலகையில் போட்டால் கேட்பார்கள்.