‘பளார்’ சத்தமும் ஒரு காது ஜவ்வும்

போன வருடம் முழுப் பரீட்சை லீவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். இடது காதில் பஞ்சு. "தலைக்கு ஊத்துனப்போ தண்ணி போயிடுச்சு போல டாக்டர். நாலு நாளா சரியாக் கேக்கல. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டேன், அதுக்கப்புறம்தான் வலி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

எண்ணெயைத் துடைத்தெடுத்து எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டேன். என் அறையில் அந்தப் படம் டிவி திரையில் தெரியும், நோயாளியும் பார்க்கலாம். நல்ல செவிப்பறை கிளிஞ்சலின் உட்புறம் மாதிரி சாம்பல் வெள்ளையில் மினுங்கும். இவனுடையதில் கீழ்ப்பாதியில் முக்கோணமாக ஒரு கிழிசல். ஓரங்கள் பிசிறு பிசிறாக, அதில் காய்ந்த ரத்தம். சுற்றிலும் சிவந்து, கொஞ்சம் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் போன காது இப்படி இருக்காது.

"தம்பி, யார் அடிச்சது?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அடிக்கல டாக்டர். ரீல்ஸ் எடுத்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் அறையணும், நான் ஒரு சுத்து சுத்திக் கீழ விழணும். காமெடி சீன்."

"நிஜமாவே அறையணுமா?"

"டிவியில நிஜமாத்தானே அறையறாங்க?"

காது மூக்கு தொண்டை மருத்துவராக இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். அறை வாங்கிக் கிழிந்த காதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையனின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திரையில் விழும் அறை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை நாம் யாரும் அவனுக்குச் சொல்லவே இல்லை.

அடிதடி நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர். அது உண்மையில் ஒரு பொருளின் பெயர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ‘கொம்மேதியா தெல்லார்த்தே’ என்ற வீதி நாடகக் கலை வளர்ந்தது. அதில் வரும் கோமாளி வேலைக்காரன் அர்லெக்கினோ கையில் ஒரு கட்டை வைத்திருப்பான். இரண்டு மெல்லிய மரப் பட்டைகளைக் கைப்பிடியில் மட்டும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மெதுவாகத் தட்டினாலே பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் ‘படார்’ என்று சத்தம் போடும், வாங்குபவனுக்கு வலிக்காது. சத்தத்தையும் அடியையும் பிரிப்பதற்காகவே கண்டுபிடித்த கருவி அது. இந்த நகைச்சுவை வகைக்கே அந்தக் கட்டையின் பெயர்தான் நிலைத்தது. நம் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்வார்கள். அங்கேயும் அடிபடுவது திரைக்குப் பின்னால் ஆடும் வெறும் தோல்தான்.

சினிமாவிலும் இதேதான். அடிப்பவரும் வாங்குபவரும் கேமராவுக்கு நேர்கோட்டில் நிற்பார்கள். கை முகத்துக்கு அரை அடி முன்னால் காற்றில் போகும். அந்த நொடியில் வாங்குபவர் தலையைச் சடாரென்று திருப்புவார். கேமரா இருக்கும் கோணத்தில் அந்த இடைவெளி தெரியாது. ‘பளார்’ சத்தத்தைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பார்கள். 1934 முதல் 1959 வரை 190 குறும்படங்களில் நடித்த அமெரிக்காவின் ‘த்ரீ ஸ்டூஜஸ்’ கோஷ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் விரலை விடுவதும் மண்டையில் அடிப்பதும்தான் அவர்கள் பிழைப்பு. கண்ணைக் குத்தும்போது தந்தியைச் சுண்டுவது மாதிரி ‘டொய்ங்’ என்று கேட்கும். அந்த ஒலியை எடுத்துவிட்டுப் பார்த்தால் சிரிப்பு பாதிக்கு மேல் போய்விடும். நம் ஊரில் கவுண்டமணி செந்திலை உதைக்கும் காட்சிகளையும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். அடி எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறேன்.

இவ்வளவு கவனத்தையும் மீறி ஆபத்து வந்ததுண்டு. மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் 1919இல் ஒரு புகைப்படத்துக்காக டம்மி குண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது நிஜமாகவே வெடித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. 1923இல் உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை எடுத்தபோது, இல்லாத விரல்களை மறைக்கக் கையுறை போட்டிருந்தார். அதே காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனுக்கு 1924இல் ரயில்வே தண்ணீர்த் தொட்டிக் காட்சியில் தண்ணீர் கொட்டிய வேகத்தில் கழுத்தெலும்பில் விரிசல். பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே விழப் பழகிய உடம்பு அது. நம் வீட்டு மொட்டை மாடியில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆடுகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இனி காதுக்கு வருகிறேன். ஓரங்குலக் குழாயின் கடைசியில் செவிப்பறை இருக்கிறது. நம் ஊரில் காது ஜவ்வு என்றால்தான் புரியும். குறுக்களவு ஒன்பது மில்லிமீட்டர் சுமார், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எறும்பு ஊர்வது போன்ற சின்னச் சத்தத்துக்குக்கூட அசைவதற்காக அவ்வளவு மெல்லியதாக அமைந்திருக்கிறது. விரித்த உள்ளங்கை காதின் மேல் அப்படியே பொருந்தி விழும்போது குழாயின் வாய் ஒரு கணம் மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியே வர வழியில்லை. பாட்டிலின் வாயை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் உள்ளே அழுத்தம் ஏறுவது மாதிரி, அந்தக் காற்று முழுவதும் ஜவ்வின் மேல் பாய்கிறது. அதனால்தான் கன்னத்தில் வீக்கம்கூட இல்லாமல் காது கிழிந்து வருகிறார்கள். அடியின் பலத்தைவிடக் கை விழும் இடமும், அது மூடும் விதமும்தான் முக்கியம். "மெதுவாத்தான் டாக்டர் தட்டினேன்" என்று சொல்பவர்கள் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பெரும்பாலானோர் வலது கைக்காரர்கள் என்பதால், எதிரில் நிற்பவரின் இடது காதுதான் அதிகம் அடிபடுகிறது. சின்ன வயதில் சீழ் வந்து ஆறிய காதாக இருந்தால் ஜவ்வில் சில இடங்கள் ஏற்கெனவே மெலிந்திருக்கும், இன்னும் சுலபமாகக் கிழியும். கிழிந்தவுடன் சுருக்கென்ற வலி, அடைப்பு, கொஞ்சம் ரத்தம், ‘குய்ங்’ என்று நிற்காத இரைச்சல் வரும். சத்தத்துக்காகச் செய்த காரியத்தில், வாங்கியவனுக்குச் சத்தம் குறைந்துபோகிறது. சிலருக்கு அதோடு முடிவதில்லை. அதிர்ச்சி உள்காதுக்குப் போனால் தலை சுற்றும், வாந்தி வரும், கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஒலிகள் கேட்காமல் போகும். அந்தச் சேதம் ஜவ்வு மாதிரி வளர்ந்து மூடாது. ஜவ்வை ஒட்டிய சிற்றெலும்புகள் இடம் பெயர்ந்துவிட்டால், ஓட்டை மூடிய பிறகும் மந்தம் தொடரும்.

திரையில் இந்தப் பகுதி வருவதே இல்லை. அடி விழுந்ததும் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவார்கள், அங்கே ஆள் சட்டையைத் தட்டிவிட்டு நிற்பார். ‘ஃப்ரண்ட்ஸ்’ (2001) படத்தில் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். 2019 மே கடைசியில், நேசமணி ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறார், பிரார்த்தனை செய்யுங்கள் என்று ட்விட்டர் முழுக்க ஓடியது. விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். ஆனாலும், அடிபட்டவர் அப்புறம் என்ன ஆனார் என்று லட்சக்கணக்கான பேர் கேட்ட ஒரே காமெடிக் காட்சி அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. நிஜத்தில் தலையில் அப்படி அடிபட்டால், முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து நினைவு தப்புபவர்கள் உண்டு. அதனால் தலையில் பலமாக அடிபட்டவரை, அவர் சாதாரணமாக நடமாடினாலும், உடனே டாக்டரிடம் காட்டுங்கள், ஒரு நாள் முழுக்கத் தனியாக விடாதீர்கள்.

காதில் அறை விழுந்துவிட்டால் முதல் வேலை, உள்ளே எதையும் விடாமல் இருப்பது. எண்ணெய், பூண்டுச் சாறு, தண்ணீர், கடையில் வாங்கிய சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் வேண்டாம். நன்மை செய்வதாக நினைத்துப் பாட்டியும் அம்மாவும் விடும் எண்ணெய்தான், தானாக ஆறியிருக்க வேண்டிய காதில் சீழ் பிடிக்க வைக்கிறது. அன்பினால் செய்வது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்காதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் மட்டும் வையுங்கள். கிணறு, ஆறு, நீச்சல் குளம் எல்லாம் கொஞ்ச நாள் கிடையாது. தலைசுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல், காதிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகுதல் இருந்தால் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றவர்கள் ஓரிரு நாளுக்குள் காது மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது.

இத்தகைய கிழிசல்களில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘விளையாட்டில் கை பட்டுவிட்டது’ என்று சொல்லும் எல்லோரும் விளையாடியவர்கள் இல்லை. கிழிந்த காதோடு வரும் பெண்களில் பலர், குழந்தையின் கை பட்டது என்றோ கதவில் இடித்துக்கொண்டேன் என்றோ சொல்வார்கள். பக்கத்தில் கணவர் நிற்பார். காது பரிசோதனை என்று சொல்லி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடி கேட்பேன். சீரியல்களிலும் காமெடி நிகழ்ச்சிகளிலும் மனைவியை அறைவது, மருமகளை அறைவது, வேலைக்காரரை அறைவது என்று சிரிப்புச் சத்தத்தோடு காட்டிக் காட்டி, அறை என்பது பேச்சின் ஒரு பகுதி போல ஆகிவிட்டது. "ஒண்ணு விட்டேன்னா காது ஜவ்வு கிழிஞ்சிடும்" என்பதை நாம் மிரட்டலாகவும் சொல்கிறோம், கொஞ்சலாகவும் சொல்கிறோம். அந்த ஜவ்வைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இதைச் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. ஏதேனும் ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவிலும், 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவிலும் அப்படித்தான் இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. அடி வாங்கி வந்திருந்தால் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்நேரமும் கூப்பிடலாம்.

உடம்பை வைத்துச் சிரிக்க வைக்கும் கலையை நான் வெறுக்கவில்லை, அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, அதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஒருவர் குரலை ஏற்றி இறக்குகிறார், இன்னொருவரின் முகம் பயத்தில் கோணுகிறது. அறுபது வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். அடுத்த ரீல்ஸில் அண்ணனின் கை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் போகட்டும், கேமராவைப் பின்னால் வை, சத்தத்துக்கு நீயே தொடையில் தட்டிக்கொள் என்று சொல்லி, அறைக்குள்ளேயே எழுந்து நின்று செய்து காட்டினேன். அம்மா ஒரு கணம் பதறிவிட்டார். அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சீழுக்கு மருந்து கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். பத்தாவது வாரம் எண்டோஸ்கோப்பில் ஓட்டை இருந்த இடத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய படலம் தெரிந்தது. ஆடியோகிராமில் இடது காதின் கோடு வலது காதின் கோட்டை ஏறக்குறையத் தொட்டிருந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே தலைக்கு ஊத்தலாமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். "ஊத்தலாம். இன்னும் ஒரு மாசத்துக்குப் பஞ்சு வச்சுக்கிட்டு" என்றேன்.